வெளி ஆணியில் மாட்டாத துப்பாக்கி

கார்வர் ஓடை என்ற ஊரில் ஆர்லோ பெக்ஸ்ட்ராமிடம் இருந்தது இரண்டு துப்பாக்கிதான். ஆனால் அவர் எப்போதும் மூன்றைப் பற்றிப் பேசுவார். கேட்டவர்களுக்குச் சொல்வார்; கேட்காதவர்களை நிறுத்தி வைத்தும் சொல்வார்.

முதலாவது, போல்ட் என்ற இரும்புத் தண்டைப் பின்னுக்கு இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் போல்ட் துப்பாக்கி, மேலே தொலைநோக்கி பொருத்தியது. நூறு கஜத்தில் மூன்று குண்டு சுட்டால் மூன்று ஓட்டையையும் ஒரு கால் டாலர் காசை வைத்து மூடிவிடலாம். இரண்டாவது, சின்னத் தோட்டா போடும் 'இருபத்திரண்டு' என்ற துப்பாக்கி. இரண்டாகக் கழற்றி முதுகுப்பையில் செருகலாம். விமானம் இறங்கக் கூடாத இடத்தில் இறங்கிவிட்டால், முயலையும் காட்டுக்கோழியையும் அடித்துத் தின்று மூன்று வாரம் உயிரோடு கிடக்கலாம். மூன்றாவது அவருடையது அல்ல, மச்சான் ஓட்டிஸ் ரெய்முடையது. விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா ஏறும் பழைய லீவர் துப்பாக்கி. நூறு கஜத்தில் அது போடும் மூன்று ஓட்டையை மூடச் சாப்பாட்டுத் தட்டு வேண்டும்.

"அதை வச்சு மூஸைச் சுடறதுக்குப் பதிலா, அதாலயே மூஸை அடிக்கலாம் மச்சான்," என்பார் ஆர்லோ.

"மூஸ் என்ன கால் டாலர் சைஸாடா இருக்கு?" என்பார் ஓட்டிஸ். மூஸ் என்பது குதிரையைவிட உயரமான காட்டுமான்.

இந்தப் பேச்சு பத்து வருடம் ஓடியது. ஓட்டிஸின் தங்கை ஐரீனைத்தான் ஆர்லோ கட்டியிருந்தார். ஐரீன் சூப்புப் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டே, "ரெண்டு பேரும் துப்பாக்கியையே கட்டியிருக்கலாம்," என்பாள்.

ஆர்லோ இருபத்திரண்டு வயதில் மினசோட்டாவிலிருந்து அலாஸ்காவுக்கு வந்தவர். ட்வைட் கடையின் பின்கட்டில் ஒரு மேசை போட்டு, ஊர்க்காரர்களின் துப்பாக்கிகளைச் சரிபார்த்துக் கொடுத்தார். மற்ற நேரமெல்லாம் காடு. ஒரு தோட்டாவின் அடிப்பகுதியைப் பார்த்தே எந்தத் துப்பாக்கி அதை உதைத்தது என்று சொல்லுவார். ஊரில் யாரும் அவரைக் கேட்காமல் துப்பாக்கி வாங்கியதில்லை. அந்தப் பெயர்தான் அவருக்குச் சோறு, அந்தப் பெயர்தான் அவருக்குத் திமிர்.

அப்படிப்பட்டவர் கார்வர் ஓடையில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த ஒரு விஷயத்தில் தவறினார்.

முதல் கடும்பனியிலிருந்து ஆற்றில் பனிக்கட்டி உடையும் வரை அங்கே துப்பாக்கி வீட்டுக்குள் வராது. வாசல் கூரைக்கு அடியில் ஆணி உண்டு, அதில்தான் தொங்கும். பூஜ்யத்துக்கு நாற்பது கீழே நிற்கும் குளிரிலிருந்து அடுப்பெரியும் அறைக்குள் கொண்டுவந்தால் இரும்பு வியர்க்கும். மறுபடி வெளியே எடுத்துப்போனால் அந்த ஈரம் உள்ளுக்குள் உறைந்து, தோட்டாவை உதைக்க வேண்டிய ஊசியைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் இருந்தால் இன்னும் மோசம், களிம்பாக இறுகிவிடும். அதனால் இலையுதிர் காலத்திலேயே போல்ட்டைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் உலர்த்தி, வெளியே மாட்டிவிடுவார்கள். ஆர்லோவே இதை எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறார்.

எழுபத்தொன்பதாம் வருடப் பிப்ரவரியில் மச்சான்கள் இருவரும் தோலுக்காக விலங்குகளுக்குப் பொறி வைக்கும் பாதையில், ஆற்றின் மேல்பக்கக் குடிசையில் இருந்தார்கள். ஆர்லோவின் போல்ட் துப்பாக்கியில் புதுத் தொலைநோக்கி. ஆறு மாதம் காத்திருந்து தருவித்தது. அதை வெளியே பனிப்பூ பூக்க விட அவருக்கு மனசு வரவில்லை. சாயங்காலம் விறகு எடுக்கப் போன ஓட்டிஸ் திரும்புவதற்குள் அதை உள்ளே கொண்டுவந்து, கம்பளிக்கு அடியில் வைத்துவிட்டார். விடிந்ததும் வியர்த்திருந்த இரும்பைத் துணியால் துடைத்தார். துரு பிடித்துவிடக் கூடாதே என்று போல்ட்டில் இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டு, ஓட்டிஸ் எழுந்திருப்பதற்குள் வெளி ஆணியில் மாட்டினார். துடைத்தால் போதும் என்று அவருக்குத் தோன்றியது. புத்திசாலிகள் தப்புச் செய்யும்போது அதற்கு ஒரு காரணமும் வைத்திருப்பார்கள்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் சரி.

"மச்சான், இன்னைக்கு உன் இரும்புக் கட்டையை ஆணியிலயே விடு. என்னதை எடுத்துக்கோ. ஒரே ஒரு நாள். அப்புறம் நீயே வந்து கால்ல விழுவே."

"உன் கால்லயா? குனிஞ்சா முதுகு பிடிச்சுக்கும்," என்றார் ஓட்டிஸ். ஆனாலும் வாங்கிக்கொண்டார். மைத்துனனின் வாயை ஒரு நாளாவது மூட வேண்டும் என்ற ஆசைதான். ஆர்லோ காட்டுக்கோழிக்காக இருபத்திரண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டார். ஓட்டிஸின் லீவர் துப்பாக்கி குடிசை வாசல் ஆணியில் தொங்கியது.

இருநூறு அடிகூடப் போகவில்லை. வளைவில் ஒரு பெண் மூஸ் நின்றது. இடுப்பளவு பனியில் மிதிபட்டு இறுகிய பாதை ஒன்றுதான் நடக்கத் தோது. அந்த நேரத்தில் மூஸ் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காது. காதைப் பின்னால் மடித்தது. ஓட்டிஸ் துப்பாக்கியைத் தோளில் ஏற்றினார். கட்டைவிரல் முன்னால் தள்ளியது. விசையில் விரல் மடங்கியது. பத்தடி பின்னால் நின்ற ஆர்லோவுக்கு எல்லாமே தெரிந்தது. ஈரத் துணியைத் தரையில் போட்டது போல ஒரு சத்தம் மட்டும் கேட்டது. துப்பாக்கி வெடிக்கவில்லை. மூஸ் ஓட்டிஸின் மேல் ஏறிவிட்டது.

ஆர்லோ குடிசைக்கு ஓடினார். ஆணியிலிருந்து லீவர் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தார். மூன்று ஓட்டையை மூடத் தட்டு கேட்கும் அந்தக் கட்டை முதல் தடவையே வெடித்தது. இரண்டாவதற்கு மூஸ் விழுந்தது. ஓட்டிஸுக்கு இடுப்பும் தொடையும் உடைந்திருந்தன. ஐந்து விலா எலும்பு போயிருந்தது. நினைவு இல்லை.

அவரைச் சறுக்கு வண்டியில் கட்டுவதற்கு முன் ஆர்லோ பனியில் கிடந்த தன் துப்பாக்கியை எடுத்துப் பார்த்தார். போல்ட் துப்பாக்கியில் விசை தவறி அழுந்தாமல் பிடித்து வைக்க ஒரு சின்னப் பூட்டு உண்டு. அது திறந்திருந்தது. ஓட்டிஸ் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருந்தார். உள்ளே இருந்த தோட்டாவை எடுத்தார். அதன் அடிப்பகுதியில், நகத்தால் அழுத்தியது போல, லேசான ஒரு குழி. ஊசி தொட்டிருக்கிறது, உதைக்கவில்லை. அந்தத் தோட்டாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஓட்டிஸை ஃபேர்பேங்க்ஸ் ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் கொண்டுபோன பிறகு, கடையில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். கடைக்காரரின் மகன் கஸ் ட்வைட்தான் கேட்டது. "என்னய்யா, உன் துப்பாக்கி சுடலையா?"

அந்தக் கடையில், அந்த மேசைக்கு முன்னால், அந்தக் கேள்வி.

"பூட்டைத் திறக்கலை அவன்," என்றார் ஆர்லோ.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயிலிருந்து விழுந்தது. எல்லோரும் உடனே நம்பினார்கள், நம்பும்படிதான் இருந்தது. ஓட்டிஸின் பழைய லீவர் துப்பாக்கியில் அப்படி ஒரு பூட்டே கிடையாது. கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுப்பதுதான் அவர் கைக்குப் பழக்கம். "பழக்கமில்லாத துப்பாக்கி, பதட்டத்துல மறந்திருப்பான், பாவம்," என்று அவர்களே மீதியைக் கட்டி முடித்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஓட்டிஸ் கேட்டார். அவருக்கு மூஸின் காதுக்குப் பிறகு எதுவும் நினைவில்லை. "மச்சான், நிஜமாவே நான் திறக்கலையா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஐரீன் இருந்தாள்.

"விடு மச்சான். யாருக்கும் நடக்கிறதுதான்," என்றார் ஆர்லோ.

பொய்யைவிட இந்த ஆறுதல்தான் ஓட்டிஸைச் சாய்த்தது. அவர் ஊருக்குத் திரும்பியபோது ஒரு கால் மடங்கவில்லை. அதோடு வேட்டையாடியவர்கள் உண்டு. ஓட்டிஸ் தன் கையை நம்புவதை விட்டுவிட்டார். பொறிப் பாதையை விற்றார். பள்ளிக்கூடத்தில் கணப்படுப்புப் பார்க்கும் வேலைக்குப் போனார். லீவர் துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினார். கார்வர் ஓடையில் குளிர்காலத்திலும் வீட்டுக்குள் இருக்கும் துப்பாக்கிக்கு அர்த்தம் ஒன்றுதான்.

அவருக்குப் 'பூட்டு ஓட்டிஸ்' என்று பெயர் வந்தது. ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை, விமான ஓடுபாதைக்குப் பின்னால் இருக்கும் சரளைக்குழியில் ஊரே கூடி, வேட்டைக்கு முன் துப்பாக்கிகளின் குறியைச் சரிபார்க்கும். ஓட்டிஸ் சூப்பு அண்டாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். யாராவது ஒருத்தர் கூப்பிடுவார்: "ஓட்டிஸ், வீட்டுப் பூட்டையாவது திறந்துட்டு வந்தியா?" எல்லோரும் சிரிப்பார்கள். ஓட்டிஸும் சிரிப்பார். ஆர்லோ தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு எதையோ சரிசெய்துகொண்டிருப்பார்.

இப்படியே முப்பத்தைந்து வருடம். ஐரீனும் தன் அண்ணன் தடுமாறிப்போனான் என்று நம்பியபடியே போய்ச் சேர்ந்தாள்.

ஓட்டிஸுக்கு எழுபத்தாறு வயதில், ஜூலை மாதம், மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. இடது பக்கம் விழுந்தது. பேச்சு குழறியது, ஆனால் புத்தி தெளிவு. அவரைப் பார்த்துக்கொள்ள வெல்மா என்ற உதவியாளர் தினம் காலையில் வந்தாள். அறுபது வயது. பாவம் என்ற சொல்லை அவள் வாயில் யாரும் கேட்டதில்லை. பாவம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் படுக்கைப்புண் ஆறாது. புரையேறாமல் இருக்கத் தண்ணீரில் மாவு கலந்து கெட்டியாக்கி, கரண்டி கரண்டியாகக் கொடுப்பாள். இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பாள். அவள் போன பிறகு ஆர்லோவின் முறை.

"துணியைப் பிடிச்சு இழுங்க, ஆளை இழுக்காதீங்க," என்பாள். "தோள் கழண்டு வந்துடும். துப்பாக்கி மாதிரி மாட்டிக்கலாம்னு நினைச்சீங்களா?"

ஆகஸ்ட் நடுவில் ஒரு காலை, அவள் ஓட்டிஸின் வலது கையைக் காட்டினாள். "இந்தக் கை நல்ல கை. ஆனா நாள் பூரா கட்டைவிரலை இப்படித் தள்ளிக்கிட்டே இருக்கார். துண்டைச் சுருட்டிக் குடுத்தா, அதையும் தள்றார். தோல் உரிஞ்சு போச்சு. என்ன பழக்கம் இது? உங்களுக்குத் தெரியுமா?"

ஆர்லோ பார்த்தார். சுருட்டிய துண்டை ஓட்டிஸ் துப்பாக்கியின் கழுத்தைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார். கட்டைவிரல் முன்னால் போனது. திரும்பி வந்தது. மறுபடி முன்னால். லீவர் துப்பாக்கியின் சுத்தியல் என்றால் பின்னுக்கு இழுக்க வேண்டும். இது முன்னால் தள்ளுவது. போல்ட் துப்பாக்கியின் பூட்டு.

எத்தனை வருடமாக மனசுக்குள் அதைத் திறந்துகொண்டிருந்தாரோ. இப்போதுதான் அது கைக்கு வந்திருந்தது.

"தெரியலை," என்றார் ஆர்லோ. வீட்டுக்குப் போனார். மதியச் சாப்பாட்டை அடுப்பிலேயே விட்டுவிட்டு, புகையிலை டப்பாவிலிருந்து அந்தத் தோட்டாவை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

வெல்மா போயிருந்தாள். ஆர்லோ நாற்காலியை நல்ல கை இருக்கும் பக்கம் இழுத்துப் போட்டார்.

"மச்சான். நீ திறந்தே."

ஓட்டிஸ் திரும்பிப் பார்த்தார்.

"பூட்டை. அன்னைக்கு நீ சரியாத்தான் திறந்தே. நான் பார்த்தேன். ராத்திரி துப்பாக்கியை உள்ள கொண்டாந்து வச்சது நான். காலையில எண்ணெய் விட்டதும் நான். ஊசி உறைஞ்சுபோச்சு. இந்தா."

தோட்டாவை அவர் உள்ளங்கையில் வைத்தார். ஓட்டிஸின் கட்டைவிரல் அதன் அடிப்பகுதியைத் தடவியது. லேசான குழியைக் கண்டுபிடித்தது. அங்கேயே நின்றது. வெகு நேரம் நின்றது. வாயின் ஒரு பக்கத்திலிருந்து எச்சில் வழிந்தது. ஆர்லோ துடைக்கப் போனார். ஓட்டிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திட்டுவார் என்று ஆர்லோ காத்திருந்தார். திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அங்க... சொல்லு," என்றார் ஓட்டிஸ்.

"எங்க?"

"சரளைக்குழியில."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த இரண்டு வாரமும் ஆர்லோ புரட்டினால் புரண்டார், ஊட்டினால் விழுங்கினார், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை சரளைக்குழியில் முப்பது பேர் இருந்தார்கள். மடக்கு மேசைகள், காகிதத் தட்டுகள், மூஸ் சூப்பு. ஆர்லோவைக் கண்டதும் வழக்கம் போலக் கூப்பிட்டார்கள்.

"வாங்க வாங்க, நீதிபதி வந்தாச்சு! ஆர்லோ, இதைப் பாருங்க. பிளாஸ்டிக் கட்டை, மழைக்கு வீங்காது. ஐநூறு கஜம் போகும்."

"ஐநூறு கஜத்துல நிக்கிற மூஸை நீ எப்படித் தூக்கிட்டு வருவே?" என்றார் கஸ் ட்வைட். அவருக்கும் எழுபது தாண்டியிருந்தது. "உன் பொண்டாட்டி வந்து தூக்குவாளா?"

"எங்கப்பா லீவர்தான் வச்சிருந்தார். பக்கத்துல போய்ச் சுடு, அதான் வேட்டைன்னுவார்."

"கரடி வந்தா?"

"கரடிக்கு ரெண்டாவது தோட்டா சீக்கிரம் ஏறணும். லீவர்தான்."

"குறியே தப்பினா ரெண்டாவதும் மூணாவதும் எதுக்கு?"

தபால் விமானம் ஓட்டும் மரீட்டா கேட்டாள். அவள் ஊருக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "ஆர்லோ, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. காட்டுல மாட்டிக்கிட்டா, ஒரே ஒரு துப்பாக்கிதான்னா, எதை எடுப்பீங்க?"

இருபது வருடமாக அவர் ஒரே பதில்தான் சொல்லி வந்தார். இந்தத் தடவை அதைச் சொல்லவில்லை.

"ராத்திரி வெளிய தொங்கினதை எடுப்பேன்," என்றார்.

சிலர் சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. நின்றபடியே, கையில் சூப்புக் கிண்ணத்தோடு, எல்லாவற்றையும் சொன்னார். கம்பளிக்கு அடியில் வைத்தது, எண்ணெய் விட்டது, திறந்திருந்த பூட்டு, கடையில் சொன்ன பொய். கடைசியாகத் தோட்டாவை மேசையில் வைத்தார்.

கஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தோட்டாவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "அந்தப் பேரு வச்சதே நான்தான்யா," என்றார் மெல்ல. "ஏன்யா இப்ப சொல்றே? அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்."

"சரி, சொல்லலை. அப்படியே விட்டிருக்கணும்."

அப்போது மரீட்டா கேட்டாள். குரலில் தப்பு எதுவும் இல்லை, தெரியாமல்தான் கேட்டாள். "ஓட்டிஸ்னா யாரு?"

யாரோ அவளுக்குச் சொன்னார்கள், பள்ளிக்கூடத்தில் முன்பு கணப்படுப்புப் பார்த்தவர், ஒரு காலைச் சாய்த்து நடந்தவர் என்று. பிறகு பிளாஸ்டிக் கட்டைக்காரர் தன் முறை வந்துவிட்டதென்று எழுந்து போனார். மறுபடி சுடும் சத்தம் கேட்டது. அன்று யாரும் ஆர்லோவிடம் வேறு துப்பாக்கியைக் காட்டவில்லை.

சாயங்காலம் ஓட்டிஸ் விழித்திருந்தார். ஆர்லோ குழிக்குப் போனதால் அன்று வெல்மா வீட்டுக்குப் போகாமல் இருந்தாள். வெல்மா கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, தலையணையால் இடது தோளுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன்," என்றார் ஆர்லோ.

"யாரு... இருந்தா?"

"முப்பது பேர்."

ஓட்டிஸ் தலையசைத்தார், அதைக் கேட்கவில்லை என்பது போல. "ஹேங்க்?"

"ஹேங்க் போய் ஒன்பது வருஷம் ஆச்சு மச்சான்."

"லவர்ன்?"

"மகளோட அரிசோனா போயிட்டான்."

"பீட்?"

பீட்டின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஓட்டிஸும் ஒருவர். அன்று கடையில் நின்ற பத்துப் பேரில் ஒன்பது பேரை அவர் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒவ்வொருவருக்கும் ஆர்லோ ஒரு கல்லறையையோ ஒரு தூரத்து ஊரையோ சொன்னார்.

"கஸ் இருந்தான்," என்றார் கடைசியில்.

"ஒருத்தன்," என்றார் ஓட்டிஸ்.

"ஒருத்தன்தான் மச்சான்."

"ஐரீன்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. அது கேள்வி இல்லை என்று ஆர்லோவுக்குத் தெரியும்.

வெல்மாவுக்கு எதுவும் புரியாமல் இல்லை. கெட்டித் தண்ணீரை இரண்டு கரண்டி கொடுத்தாள். வாயைத் துடைத்தாள். "காலையில உறைபனி போட்டிருந்துச்சு வெளியில," என்றாள் பொதுவாக. "என் வண்டிக் கண்ணாடியைச் சுரண்ட வேண்டியிருந்தது."

ஓட்டிஸ் சுவரைப் பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கி, அங்கே தொங்கிய லீவர் துப்பாக்கியைக் காட்டினார்.

"வெளிய... மாட்டு."

ஆர்லோ எழுந்தார். முழங்கால் நெட்டி முறிந்தது. முப்பத்தைந்து வருடத் தூசியோடு இருந்த துப்பாக்கியைச் சுவரிலிருந்து இறக்கினார். இனி அதை யாரும் சுடப் போவதில்லை. ஆனாலும் வெளியே தொங்கும் துப்பாக்கி ஒரு வேட்டைக்காரனுடையது. ஓட்டிஸ் கேட்டது அவ்வளவுதான். அதைக் கொடுக்கவாவது தன்னால் முடியும் என்று ஆர்லோவுக்குத் தோன்றியது.

"உள்ள பழைய எண்ணெய் கெட்டியா இருக்கும் மச்சான். கழுவணும். கொல்லையில பெட்ரோல் இருக்கா? நான் கழுவி, உலர்த்தி..."

"நீ வேண்டாம்."

அது குழறாமல் வந்தது.

ஆர்லோ துப்பாக்கியோடு நின்றார். அந்த ஊரில் கெட்டுப்போன எல்லாத் துப்பாக்கியையும் கழுவியவர் அவர்.

"வெல்மா," என்றார் ஓட்டிஸ்.

வெல்மா இருவரையும் பார்த்தாள். கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். புதுசு ஒரு ஜோடி மாட்டிக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது, எப்படின்னு சொல்லுங்க," என்றாள். அவள் கேட்டது ஓட்டிஸிடம். அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார், அவள் ஒவ்வொரு பாகமாகக் கழற்றினாள். இடையில் மூன்று தடவை தப்பாகக் கழற்றினாள். மூன்று தடவையும் ஆர்லோவின் கை முன்னால் போய்த் திரும்பியது.

அவர் பெட்ரோல் டப்பாவைப் பிடித்துக்கொண்டு, மூடியைத் திறந்தும் மூடியும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் உலர்ந்த பிறகு வெல்மா துப்பாக்கியை வாசலுக்குக் கொண்டுபோனாள். ஆணியில் மாட்டும் சத்தம் கேட்டது. ஓட்டிஸ் கண்ணை மூடினார். கட்டைவிரல் துண்டின் மேல் சும்மா கிடந்தது. சிறிது நேரம் கழித்து அது மறுபடி முன்னால் தள்ளத் தொடங்கியது.

"நரம்புக்குப் பழகிப்போச்சு," என்றாள் வெல்மா, உள்ளே வந்து பார்த்துவிட்டு. "இனிமே நிக்காது." தோல் உரிந்த இடத்தில் களிம்பு தடவி, விரலைச் சுற்றி மெல்லிய துணியைக் கட்டினாள். "எட்டு மணிக்குப் புரட்டணும். துணியைப் பிடிச்சு இழுங்க."

"ஆளை இழுக்க மாட்டேன்," என்றார் ஆர்லோ.